64 எம்பி போதும் என்று போட்டிருந்தது

போன வாரம் அத்தான் ஃபோன் பண்ணினார். "மாப்ள, எங்க கல்யாணப் பத்திரிகை நீதான அடிச்ச, அது கம்ப்யூட்டர்ல இருக்கும்லா?" அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அம்மாவின் பத்திரிகை மாதிரியே தனக்கும் வேண்டும் என்கிறாளாம். வீட்டில் தேடினால் ஒரு பத்திரிகைகூட மிச்சம் இல்லை. எல்லாம் கரையான் தின்றுவிட்டது.

இருக்கிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் மச்சில், சாக்கு போட்டு மூடி.

2000-இல் பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி கடையில், அதாவது அச்சுக்குப் போவதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தரும் கடையில், வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோவில் கொடை நோட்டீஸ், பிட் நோட்டீஸ், எல்லாம் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் அடிப்பது. அப்போது வாங்கிய அசெம்பிள் மெஷின் அது: செலரான் 400 பிராசசர், 32 எம்பி ராம், 4.3 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. கடையை மூடும்போது முதலாளி அண்ணாச்சி, பாக்கிச் சம்பளத்துக்கு ஈடாக அதை என் தலையில் கட்டிவிட்டார்.

விண்டோஸ் 98-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்டது ரொம்பக் கொஞ்சம். 486 டிஎக்ஸ் பிராசசர், 66 மெகாஹெர்ட்ஸ், 16 எம்பி ராம் இருந்தால் போதும். அடுத்த வருடம் வந்த இரண்டாம் பதிப்புக்கு 24 எம்பி. எங்கள் மெஷின் அதற்கு மேலேயே இருந்தது. யுஎஸ்பி, பெரிய டிஸ்குக்கான ஃபேட் 32 முறை, கீழே வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன ஐகான்கள், எல்லாம் அன்றைக்குப் பெருமை. ஆனால் கடையில் எங்களுக்குப் பிரச்சினை வந்தது ராமில் இல்லை, ஃபாண்டில். ட்ரூடைப் ஃபாண்ட் சுமார் ஆயிரத்தைத் தாண்டினால் 98 தாங்காது. தமிழ் ஃபாண்டுக்கோ அப்போது கணக்கே கிடையாது, ஆளுக்கு ஒரு எழுத்துமுறை. வருகிறவர் ஒவ்வொருவரும் "அந்தச் சாய்வு எழுத்து, பூ வச்ச மாதிரி இருக்குமே" என்பார். அண்ணாச்சியும் சிடி சிடியாக ஏற்றிக்கொண்டே இருப்பார். ஒருநாள் பார்த்தால் ஏற்றிய ஃபாண்ட் பட்டியலில் காணாது. ஒன்றை ஏற்ற இரண்டை இறக்கு என்றாகிவிட்டது.

98 ஐம்பது நாள் தொடர்ந்து ஓடினால் நின்றுவிடும் என்றொரு கோளாறு உண்டு. சரியாகச் சொன்னால் 49.7 நாள். மில்லி செகண்டை எண்ணிக்கொண்டே போகும் கணக்கு 32 பிட்டில் நிரம்பிவிடுவதால் வருவது. எங்கள் ஊரில் அதைப் பார்க்கும் பாக்கியம் யாருக்கும் இருந்திருக்காது. ஐம்பது நாள் கரண்ட் போகாமல் இருக்க வேண்டுமே! ஆனி, ஆடிக் காற்று ஆரம்பித்தால் ஒரு கம்பி இன்னொன்றில் உரசும், பொட்டென்று போகும், ஐந்து நிமிடத்தில் வரும், மறுபடி போகும். யுபிஎஸ்ஸின் பேட்டரி வீணாகி, கத்துவதற்கு மட்டும்தான் உதவியது.

அக்கா கல்யாணம் 2002 ஆவணி. ஆடி முதல் வாரம் பத்திரிகையை முடித்தேன். சாயங்காலம் அம்மா படித்துப் பார்த்து, "சித்தப்பா பேரு எங்கல?" என்றாள். கடைக்கு ஓடி வந்து, 'தங்கள் நல்வரவை விரும்பும்' பகுதியில் சித்தப்பா, சித்தி பெயரைச் சேர்த்து, சேவ் கொடுத்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

திரும்ப வந்ததும் நீலத் திரை. நீங்கள் விண்டோஸை ஒழுங்காக மூடவில்லை, டிஸ்கில் பிழை இருக்கலாம் என்று ஸ்கேன்டிஸ்க் ஓட ஆரம்பித்தது. நம்மேல் பழி போடும் அந்தத் தொனிதான் எரிச்சலாக இருக்கும். மஞ்சள் பட்டை மெல்ல மெல்ல நகர்ந்து முடிந்தபோது சி டிரைவில் ஃபைல்0000.சிஎச்கே என்று, பிய்ந்துபோன ஃபைலின் துண்டு ஒன்று கிடந்தது. அதுதான் சித்தப்பா. ஃபைல் திறக்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழாத குறை. அப்புறம் டி டிரைவில் மத்தியானம் எடுத்து வைத்த பிரதி ஞாபகம் வர, அப்பாடா என்று அதிலிருந்தே டிரேசிங் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மத்தியானப் பிரதியில் சித்தப்பா கிடையாது என்பது 500 பத்திரிகையும் அடித்து வந்த பிறகுதான் உறைத்தது. மீதியைச் சொல்ல வேண்டாம்.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மாறலாம் என்று அண்ணாச்சியை அரித்தது அதற்குப் பிறகுதான். எக்ஸ்பி 2001 அக்டோபரிலேயே வந்துவிட்டது. உள்ளே இருப்பது ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கான விண்டோஸ் என்டி வழியில் வந்தது, 98 மாதிரி டாஸ் என்ற பழைய சிஸ்டத்தின்மேல் உட்கார்ந்த கட்டடம் இல்லை. ஹார்ட் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறையை என்டிஎஃப்எஸ் என்பதாக மாற்றினால், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் குறித்து வைத்துக்கொண்டுதான் செய்யும். கரண்ட் போனால் நாம் கடைசியாக அடித்த வரி போகலாம், ஆனால் டிஸ்கின் கணக்கு குழம்பாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

அதற்குக் கேட்டது: 233 மெகாஹெர்ட்ஸ், ராம் குறைந்தது 64 எம்பி, நல்லபடி ஓட 128, டிஸ்கில் 1.5 ஜிபி. அண்ணாச்சி 64-லேயே விரலை வைத்து, "போதும்னு போட்டிருக்காம்லா" என்றார். 64 எம்பி என்பது பந்தியில் உட்கார இடம். இலை போட இடம் வேண்டாமா? பேஜ்மேக்கர், கோரல், ஸ்கேன் செய்த படம் என்று திறந்தால் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். ஒருவழியாக 128 எம்பி ஒன்று வாங்கி, இருந்த 32-உடன் சேர்த்தோம். மொத்தம் 160. மதர்போர்டில் இருக்கும் டிஸ்ப்ளே 8 எம்பியைப் பிடித்துக்கொள்வதால் மை கம்ப்யூட்டரில் 152 என்றுதான் காட்டும். "8 எம்பியை எவன்டே எடுத்தான்?" என்று அண்ணாச்சி ராம் வாங்கிய கடைக்குச் சண்டைக்கே கிளம்பிவிட்டார்.

இன்ஸ்டால் செய்யும்போது 39 நிமிடம் என்று காட்டும். எங்கள் மெஷினில் அது கல்யாண வீட்டு 'இதோ பந்தி போட்டாச்சு' மாதிரி. ஒன்றரை மணி நேரம் ஆனது. முடிந்ததும் பச்சைக் குன்றும் நீல வானமும் வந்தன. பார்த்தவர்கள் பாதிப் பேர் "மாஞ்சோலை மலையா?" என்று கேட்டார்கள். கலிபோர்னியாவில் எடுத்த படம் என்றால் நம்பவில்லை. அந்த நீலப் பட்டை, பச்சை ஸ்டார்ட் பொத்தான் அலங்காரத்தையெல்லாம் அன்றைக்கே எடுத்துவிட்டேன், மெஷின் கொஞ்சம் மூச்சு விட்டது. ஸ்கேனருக்கு எக்ஸ்பி டிரைவரே வரவில்லை. அது அப்படியே பேப்பர் வெயிட் ஆனது.

எந்தக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோட் தமிழையும் அதில்தான் முதலில் பார்த்தேன். லதா ஃபாண்ட் கூடவே வருகிறது என்றாலும் 'கொ' அடித்தால் முதலில் க, பிறகு கொம்பு, பிறகு கால் என்று தனித்தனியாகச் சிதறி நிற்கும். ரீஜினல் செட்டிங்கில் ஒரு கட்டத்தை டிக் செய்து, எக்ஸ்பி சிடியைப் போட்டு, ரீஸ்டார்ட் கொடுத்தால் கொம்பு தானாக முன்னால் வந்து உட்காரும். எத்தனை பேருக்கு அந்த டிக்கைப் போட்டுக் கொடுத்திருப்பேன்! ஒருவர் டீ வாங்கித் தந்திருக்கிறார்.

சரி, பத்திரிகைக்கு வருகிறேன். பழைய ஃபாண்டில் அடித்தது, இன்றைய லேப்டாப்பில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அதனால் மெஷினையே இறக்கினோம். பயாஸ் பேட்டரி செத்து, தேதி 2000 என்று காட்டியது. எஃப்1 அழுத்தியதும் எக்ஸ்பி எழுந்துவிட்டது. டி டிரைவில் பேஜ்மேக்கர் ஃபைல், பிள்ளையார் படம், குத்துவிளக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. பிடிஎஃப் ஆக்கி, புது 64 ஜிபி பென்டிரைவைச் செருகினால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கிறது. எக்ஸ்ஃபேட் என்ற புது ஃபார்மேட் அதற்குத் தெரியாது. மகன் பள்ளிக்கூடத்துக்கு வைத்திருக்கும் 4 ஜிபி டிரைவில்தான் ஏறியது.

பிரிண்ட் எடுத்து வந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராக நல்வரவை விரும்பும் பகுதிக்குப் போனாள்.

"இதுலயும் சித்தப்பா இல்லையேல" என்றாள்.