வெள்ளிக்கிழமை இரவும் அடையாள அட்டையும்: ரொறன்ரோவில் என் முதல் வருடம்

போன மாதம் விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலுக்கு வந்திருந்தபோது சித்தியின் மகள் பார்க்க வந்தாள். ஏ.எல். முடித்து, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எடுத்து, படிப்பு விசாவும் கிடைத்துவிட்டது. செப்டெம்பரில் கனடாவின் ரொறன்ரோ. பாடத்தெரிவு, அறை வாடகை, பகுதிநேர வேலை எல்லாவற்றையும் விறாந்தையில் பெரியவர்கள் முன்னால் கேட்டு முடித்தவள், படலையடிக்கு வந்த பிறகுதான் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அங்க குடிக்காட்டி ஒருத்தரும் சேர்க்க மாட்டினமோ?" என்றாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சேர்ப்பார்கள். அந்தப் பயத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம். முதல் வருடம் முழுக்க ஒரு துளியும் தொடாமல்தான் நான் சிநேகிதிகளைச் சம்பாதித்தேன். நம் ஊரில் தேத்தண்ணி வேண்டாம் என்றால் மூன்று தரம் கேட்டு, கடைசியில் ஊற்றியே கொண்டுவந்து வைப்பார்கள். அங்கே வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறார்கள். (பீட்சாவுக்கும் மரியாதைக்கு வேண்டாம் என்று சொல்லி முதல் மாதம் பட்டினி கிடந்தேன், அது வேறு கதை.) அந்த வருடம் என்னை வற்புறுத்திய ஒரே ஆள் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பிறந்தநாள் வீட்டில் நின்ற மாமா ஒருவர்: "வைன் தானே பிள்ளை, பழச்சாறு மாதிரி."

உண்மையில் என்னைத் திகைக்க வைத்தது வேறு. எங்கள் பக்கத்தில் குடி என்றால் அது ஆம்பிளைகளின் சங்கதி, தவறணை வேலிக்கு உள்ளே நடப்பது. பின்னேரம் அந்த ஒழுங்கையால் போகாதே என்று சொல்லி வளர்த்தார்கள். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நீக்கினார்கள், சில நாட்களிலேயே ஜனாதிபதி தலையிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். இந்த ஊரிலிருந்து போன எனக்கு, என் வகுப்புப் பெண்கள் பியர்க் கிளாசை மேசையில் வைத்துக்கொண்டு புள்ளிவிபரவியல் ஒப்படையைப் பற்றிக் கதைத்த காட்சி எப்படி இருந்திருக்கும்! பேச்சு என் காதில் ஏறவில்லை, கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று கிழமையில் அந்தப் பார்வை தானாகப் போய்விடும்.

வயதுக் கணக்கும் குழப்பும். இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது. ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 19. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் 18. நயாகராவில் பாலத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குள் போனால் மறுபடி 21. ஆகவே இருபது வயதில் போன நான் கட்டுநாயக்காவில் ஏறும்போது சின்னப் பிள்ளை, ரொறன்ரோவில் இறங்கும்போது பெரிய மனுசி. ஆனால் ஊரில் 21 என்பது கடதாசியில் இருக்கிற எண். நம்மைத் தடுப்பது ஒழுங்கையில் பார்க்கிற கண்கள்தான். அங்கே அந்தக் கண்கள் கிடையாது, அதற்குப் பதில் வாசலில் ஒருவர் நின்று அட்டை கேட்பார்.

குடிக்காதவரிடமும் கேட்பார். இது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒக்டோபரில் ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்கு ஒரு பாருக்குப் போனோம். நான் கோக் குடிக்கப் போனவள். வாசலில் நம் தேசிய அடையாள அட்டையை நீட்டினேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே திருப்பித் தந்தார். உள்ளே விடவில்லை. மற்றவர்கள் உள்ளே போக, நான் மெல்லிய ஜக்கெட்டோடு குளிரில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். கடவுச்சீட்டைக் காட்டியிருந்தால் விட்டிருப்பார்கள், ஆனால் அதை இரவில் கைப்பையில் கொண்டு திரிவது புத்தி இல்லை. தொலைந்தால் தூதரகம், விசா என்று படிப்பே குழம்பும். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்காதவர்களுக்கென்று ஒன்ராறியோ அரசு படத்துடன் ஓர் அடையாள அட்டை கொடுக்கிறது. போன முதல் மாதமே சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். இன்னொருவரின் அட்டையை இரவல் வாங்கும் யோசனையை மட்டும் எடுக்க வேண்டாம். விசாவில் இருக்கிற நமக்கு அது விளையாட்டு இல்லை.

சரி, சிலர் குடித்துப் பார்க்கத்தான் போகிறீர்கள். அதையும் தெரிந்தே எழுதுகிறேன். அங்கே ஒரு அளவு என்பது 341 மில்லி பியர், அல்லது 142 மில்லி வைன், அல்லது 43 மில்லி வொட்கா போன்ற சாராயம். மூன்றிலும் இருக்கிற அல்ககோல் ஏறக்குறைய ஒன்றுதான். சிக்கல், பார்ட்டி வீட்டில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை. பழச்சாறும் சீனியும் கலந்த சிவப்புக் கோப்பையில் மூன்று அளவு ஒளிந்திருந்தாலும் நாக்குக்குத் தெரியாது. உங்கள் கோப்பையை நீங்களே ஊற்றுங்கள், கையை விட்டு வைத்தால் திரும்ப எடுக்காதீர்கள். அப்புறம் குளிர். குடித்தால் உடம்பு சூடாவது போலத் தெரியும், உண்மையில் தோலுக்கு இரத்தம் கூடப் பாய்ந்து உடம்பின் சூடு வெளியேறுகிறது. ஜனவரி இரவில் போதையில் வெளியே இருந்து கண்ணயர்ந்தவர் எழும்பாமலே போகலாம். எழுப்பியும் எழும்பாத சிநேகிதியைப் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்தி அவசர உதவி எண் 911 எடுங்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது.

பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) நினைப்போடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒன்ராறியோவில் 21 வயதோ அதற்குக் குறைவோ என்றால், வாகனம் ஓட்டும்போது இரத்தத்தில் அல்ககோல் துளியும் இருக்கக் கூடாது. 2018 டிசம்பர் 18 முதல் போதையில் ஓட்டும் குற்றத்துக்கு உச்சத் தண்டனை ஐந்திலிருந்து பத்து ஆண்டாக உயர்ந்தது. அதனால் குடிவரவுச் சட்டம் அதைப் பாரதூரமான குற்றமாகப் பார்க்கிறது. ஓர் இரவுக் கூத்தில் பி.ஆர். கைநழுவலாம். குடித்தவர் ஓட்டும் காரில் ஏறவும் வேண்டாம். சப்வே (நிலக்கீழ் ரயில்) இரவு ஒன்றரை மணியளவில் ஓய்ந்துவிடும், பார்களோ இரண்டு மணி வரை ஊற்றும். இடைப்பட்ட நேரத்துக்கு இரவு பஸ்கள் உண்டு, போவதற்கு முன்பே வழி பார்த்து வையுங்கள்.

கடைசியாக, அம்மாவின் அழைப்பு. செப்டெம்பரில் அங்கே இரவு 11 மணி என்றால் இங்கே காலை எட்டரை. அம்மா சாமிக்குப் பூ வைத்துவிட்டு ஆறுதலாக எடுப்பா. அங்கே அப்போதுதான் பாட்டுச் சத்தம் ஏறும். முதல் தடவை பயந்து துண்டித்தேன். பத்து நிமிடத்தில் ஸ்காபரோ மாமா என்னைத் தேடத் தொடங்கிவிட்டார். அடுத்த கிழமை எடுத்து, "பார்ட்டியில நிக்கிறன் அம்மா, நாளைக்குக் கதைக்கிறன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஆரோட வீட்ட போவாய்?" என்று மட்டும் கேட்டா. வகுப்புப் பெட்டையள் இரண்டு பேரோடு பஸ்ஸில் என்றேன். நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைத்த பிறகு அந்த அழைப்பு பத்து மணிக்கே வரத் தொடங்கியது. அறையில் இருந்தே பேசி முடித்துவிட்டுப் பிறகு கிளம்புவேன்.