எந்தப் பறவை போகும்?

“குளத்துக்குள்ள நிக்கிற கருவேலத்த வெட்டுனா பறவைங்க வேற மரத்துக்குப் போயிருமா, போகாதா? ஒரு வரியில சொல்லுங்க சார்.”

“சிலது போகும், சிலது போகாது சார்.”

“எது போகும், எது போகாது?”

குளத்தைத் தூர்வாரப்போகும் பொறியாளரின் அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அறிக்கையில் ஏறியது, ‘பறவைகள் அருகிலுள்ள மரங்களுக்கு இடம் மாறிக்கொள்ளும்’ என்ற வரி. நான் எழுதியதல்ல. ஆனால் என் பறவைக் கணக்கெடுப்புப் பட்டியலுக்குக் கீழே, என் கையெழுத்துக்கு மேலே இருக்கிறது.

நான் சொன்னது மழுப்பல் இல்லை, கண்ணால் பார்த்தது. அந்தக் குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் பெரும்பாலும் தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில்தான் கூடு வைக்கும். தண்ணீர் கிடக்கிறவரை நாய் மரத்தடிக்கு வராது. ஆனால் சில ஜோடிகள் ரோட்டோரப் புளியமரத்துக்கு வந்துவிடும். ஆண் நாரை ஒரு குச்சியை அலகில் குறுக்காகக் கவ்விக்கொண்டு கரண்டு கம்பிக்கு மேலே வளைந்து வந்து இறங்கும். பெண் அதை வாங்கிக் கூட்டின் விளிம்பில் செருகும். சரியாக உட்காராவிட்டால் உருவி மறுபடி செருகும். கீழே லாரிக்காரர் ஹாரனை அமுக்கிப் பிடித்தாலும் தலை திரும்பாது. குளத்துக்குள் இருக்கும் இன்னொரு நாரையோ, கரைமேல் நாங்கள் ஸ்கோப்பை ஸ்டாண்டில் நிறுத்தினாலே முட்டையை விட்டு எழுந்து நிற்கும். இரண்டும் ஒரே இனம்தான், ஒரே தண்ணீரில்தான் மீன் பிடிக்கின்றன.

பொறியாளர் கூந்தன்குளத்தைச் சொன்னார். “அங்க வீட்டு மரத்துலயே கூடு கட்டுதே சார்.” உண்மைதான். 1994-இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே அங்கே ஊருக்குள் கூடுகள் இருந்தன. அங்கே கீழே விழுந்த குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்க்கிற ஆட்கள் உண்டு. எங்கள் புளியமரத்துக்குக் கீழே தார் ரோடு; விழுந்த குஞ்சு விடிவதற்குள் நாய்க்குப் போய்விடும். அதாவது துணிந்து இடம் மாறும் பறவைக்கும் நல்லது நடக்கும் என்று சொல்ல முடியாது. இதையும் அவரிடம் சொன்னேன். ‘ஒரு வரி’ கேட்டவரிடம் இது எப்படி நிற்கும்?

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தூர்வாராமல் அந்தக் குளத்தில் தண்ணீர் தங்காது, கடைமடைக்காரர்களுக்குப் பிசான நெல் விளையாது. வண்டல் அள்ளும் இயந்திரம் உள்ளே இறங்க வழி வேண்டும். என் பட்டியல் இருந்ததால்தான் கூடுகள் நெருக்கமாக இருந்த ஒரு பகுதி மரங்களையாவது விட்டுவைத்தார்கள். இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன். அடிக்கடி சொல்ல வேண்டியிருப்பதுதான் உறுத்துகிறது.

அடுத்த பருவத்தில் கூடுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பழையபடியே வந்தது. பொறியாளர் சந்தோஷமாகப் போன் செய்தார். “பாத்தீங்களா சார், போயிருச்சுல்ல?” ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுபடி வந்தவை அதே பறவைகளா? எதன் காலிலும் அடையாள வளையம் கிடையாது.

ஐஸ்லாந்தில் இனப்பெருக்கம் செய்யும் கருவால் மூக்கன் என்ற நீர்ப்பறவைகளுக்குக் காலில் வண்ண வளையம் போட்டுப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கூட்டம் மொத்தமாகப் பார்த்தால் வசந்தத்தில் முன்பைவிடச் சீக்கிரம் வந்துகொண்டிருந்தது. ஆனால் தனித்தனிப் பறவைகள் தங்கள் வழக்கமான நாளை மாற்றிக்கொள்ளவில்லை. புதிதாகச் சேர்ந்த இளம் பறவைகள்தான் சீக்கிரம் வந்தன. 2014-இல் வெளியான அந்த ஆய்வைப் படித்த பிறகுதான் எங்கள் எண்ணிக்கை எனக்கு ஆறுதல் தருவது நின்றது. புளியமரத்தில் புதிதாக உட்கார்ந்திருப்பவை வேறு குளத்திலிருந்து வந்த இளம் ஜோடிகளாக இருக்கலாம். கருவேலத்தை இழந்தவை அந்த ஆண்டு கூடே வைக்காமல் இருந்திருக்கலாம். அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படி நடந்திருந்தாலும் என் தாளில் இதே எண்தான் விழுந்திருக்கும்.

இப்போது இன்னொரு குளத்துக்குப் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். வெட்டுவதற்கு முன் ஒரு பருவமாவது மரத்துக்கு மரம் எண் போட்டு, எந்தக் கூட்டிலிருந்து எத்தனை குஞ்சு பறந்தது என்று குறிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தாலும், வளையம் இல்லாமல் எந்தப் பறவை எங்கே போனது என்று தெரியப்போவதில்லை. பட்டியல் கொடுக்காவிட்டால் எண்ணாமலே வெட்டுவார்கள். கொடுத்தால் அந்த வரி மறுபடி என் கையெழுத்துக்கு மேலே வந்து நிற்கும்.