நெடுஞ்சாலைப் பலகையில் பிழை பிடிப்பது எப்படி: 7 எங்கே 44 ஆனது?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பலகையில் இன்னும் 'என்.எச். 4' என்று இருந்தால், அதை நம்புகிறவர் அந்தமானில் இருக்கிறார் என்று பொருள். இன்றைய தேசிய நெடுஞ்சாலை 4 ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) வடக்கே செல்லும் அந்தமான் பெருவழிச்சாலை. சென்னை–பெங்களூரு சாலையின் எண் 48.

பலகைகளில் கண்ணில் படும் எண் பிழைகளில் பெரும்பாலானவை அச்சுப் பிழைகள் அல்ல, 2010-இல் நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்ததன் மிச்சம். எண் மாறியது அரசிதழில். கம்பத்தில் இருப்பது தானாக மாறாது. எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிக்க வரைபடம்கூட வேண்டாம், எண்களுக்குள் இருக்கும் ஒழுங்கு தெரிந்தால் போதும்.

வடக்கு–தெற்காக ஓடும் முதன்மைச் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். அவை கிழக்கிலிருந்து மேற்கே போகப் போகக் கூடும். கிழக்கு–மேற்காக ஓடுபவைக்கு ஒற்றைப்படை எண். அவை வடக்கிலிருந்து தெற்கே வர வரக் கூடும். தமிழ்நாட்டில் இது அழகாகப் பொருந்துகிறது. கிழக்குக் கரையை ஒட்டிப் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் வழியாகத் தூத்துக்குடி போவது 32. விக்கிரவாண்டியில் தொடங்கிக் கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக மானாமதுரை போவது 36. வேலூர், விழுப்புரம், திருச்சி, மதுரை என்று இறங்குவது 38. ஓசூர், சேலம், திண்டுக்கல், மதுரை, கன்னியாகுமரி என்றால் 44. அதற்கும் மேற்கே, கேரளக் கரையோரம் வந்து கன்னியாகுமரியில் முடிவது 66. ஒற்றைப்படையை மேலிருந்து கீழாக எண்ணுங்கள்: வேலூரிலிருந்து பெங்களூரு வழியாக மங்களூரு 75, திண்டிவனம்–கிருஷ்ணகிரி 77, உளுந்தூர்பேட்டை–சேலம் 79, சிதம்பரம்–திருச்சி–கரூர்–கோவை 81, நாகப்பட்டினம்–திருச்சி–திண்டுக்கல்–பழனி–கோவை 83, தொண்டி–மதுரை–மூணாறு–கொச்சி 85, தனுஷ்கோடி 87.

இந்த அடுக்கு மனதில் இருந்தால் தப்பான எண் தானாக உறுத்தும். திருவண்ணாமலைப் பக்கம் ஒரு பலகை 66 என்கிறது என்று வையுங்கள். 66 நம் பக்கத்தில் மேற்கு ஓரத்துச் சாலை. 77-க்கும் 38-க்கும் நடுவே அது வர வழியில்லை. ஆகவே அது பழைய 66, அதாவது புதுச்சேரி–கிருஷ்ணகிரிச் சாலை. ஒரே எண் பழைய கணக்கில் ஓரிடத்திலும் புதிய கணக்கில் வேறிடத்திலும் உயிரோடு இருப்பதுதான் இதில் ஆபத்தான வகை. பழைய 7 வாரணாசி–கன்னியாகுமரி (அதன் தமிழ்நாட்டுப் பகுதிதான் இன்றைய 44), புதிய 7 பஞ்சாபிலிருந்து உத்தராகண்ட் போகிறது. பழைய கணக்கில் தமிழ்நாட்டில் இருந்த 45, 46, 47 மூன்றும் இப்போது மத்தியப் பிரதேசத்தைத் தொட்டுப் போகும் சாலைகள்.

மூன்றிலக்க எண்ணுக்கு வேறு சோதனை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையின் எண். கிளை எங்காவது தாயைத் தொட வேண்டும். 544 சேலத்தில் 44-ஐத் தொட்டுக் கோவை வழியாகக் கொச்சி போகிறது (பழைய 47-இன் வடபாதி). 744 திருமங்கலத்தில் 44-ஐ விட்டு விலகிக் கொல்லம் போகிறது. 138 தூத்துக்குடியில் 38-ஐத் தொட்டுத் திருநெல்வேலிக்கு. 181 கோவையிலிருந்து ஊட்டிக்கு. 716 சென்னையில் 16-ஐத் தொட்டுத் திருத்தணி வழியாகத் திருப்பதிப் பக்கம். இப்போது பழனியில் '209' என்று ஒரு பலகை தென்பட்டால், தாய் 9 ஆக இருக்க வேண்டும். 9 பஞ்சாப், டெல்லி, உத்தராகண்ட் வழியாக ஓடும் சாலை. பழனிக்கு வர அதற்கு எந்த வேலையும் இல்லை. எனவே அது பழைய திண்டுக்கல்–கோவை–பெங்களூரு எண். இன்று அதில் திண்டுக்கல்–கோவை 83, கோவை–சத்தியமங்கலம்–பெங்களூரு 948. அதேபோல, ராஜபாளையம் பக்கம் 208 என்றால் பழையது, இன்றைய 208 திரிபுராவில் இருக்கிறது.

எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி இருந்தால் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 45பி, 45சி, 7ஏ எல்லாம் பழையவைதான். ஆனால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இன்று 332ஏ என்றே பெயர். அங்கும் சோதனை அதேதான்: எழுத்தை நீக்கிவிட்டு, மிஞ்சும் எண் அந்த வட்டாரத்துக்கு உரியதா என்று பாருங்கள். அதே சாலை சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை மாநில நெடுஞ்சாலை 49. பழைய மகாபலிபுரம் சாலை 49ஏ. இங்கெல்லாம் எண்ணைவிட அதைச் சுற்றியிருக்கும் சின்னத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாநிலச் சாலையின் எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைக்குரிய கேடய வடிவத்துக்குள் போட்டுவிடுவது அடிக்கடி நேரும் தவறு. கிலோமீட்டர் கல்லில் இதைப் பிடிப்பது இன்னும் எளிது: தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சைத் தலை, கிராமச் சாலைக்கு ஆரஞ்சு. தலை பச்சையாக இருந்து எண் புது தேசிய எண்ணாக இருந்தால், சாலை தரம் உயர்ந்திருக்கிறது, வண்ணம் அடிப்பவருக்குச் சேதி போகவில்லை.

ஒரு சாலைக்கு இரண்டு எண் இருந்தாலே பிழை என்று குதிக்கவும் வேண்டாம். கிருஷ்ணகிரி–ஓசூர் பகுதியில் 44-உம் 48-உம் ஒரே தாரில் ஓடுகின்றன. போதாக்குறைக்கு ஆசிய நெடுஞ்சாலை எண்கள் வேறு. ஏ.எச். 43 கிருஷ்ணகிரி, மதுரை வழியாகத் தனுஷ்கோடி போய், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் தொடர்கிறது. ஏ.எச். 45 கொல்கத்தாவிலிருந்து சென்னை, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு. இந்த 45-ஐப் பார்த்துவிட்டு, சென்னை–திருச்சி சாலையை நினைத்து, 'பழைய ஜி.எஸ்.டி. ரோடு எண்ணை இங்கே ஏன் வைத்தார்கள்' என்று புகார் எழுதினால் அசடு வழிய வேண்டியிருக்கும். இரண்டும் வேறு வேறு சாலை, வேறு வேறு முறை.

ஜி.எஸ்.டி. ரோடுதான் தமிழ்நாட்டிலேயே பிழைக்கு வளமான நிலம். ஓட்டுநருக்குச் சென்னை–திருச்சி ஒரே சாலை, பழைய எண்ணும் ஒரே 45. இப்போதோ திண்டிவனம் வரை 32, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் 132, விழுப்புரத்துக்குப் பின் 38. திண்டிவனத்தில் 32 புதுச்சேரிப் பக்கம் பிரிந்துவிடுகிறது. ஆகவே திண்டிவனத்தில் திருச்சி என்று எழுதிப் பக்கத்தில் 32 போட்டிருந்தால் அது சின்னப் பிழை இல்லை. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவரை அங்கேயே கடற்கரைக்கு அனுப்பிவிடும். திருச்சியில் இதற்கு நேர்மாறு: கோவை என்ற பெயருக்குப் பக்கத்தில் 81 இருந்தாலும் சரி, 83 இருந்தாலும் சரி. ஒன்று கரூர் வழி, மற்றொன்று திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி என்று சுற்றும். பிழை இல்லை, ஆனால் 83-ஐப் பிடித்தவர் நொந்துகொள்வார்.

தூரப் பிழைக்குக் கழித்தல் கணக்கு. ஒரே சாலையில் அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் இருந்தால், அவற்றின் தூரங்களுக்கு இடையிலான வித்தியாசம் எல்லாப் பலகையிலும் மாறாமல் இருக்க வேண்டும். உதாரணமாக ஒரு பலகை திண்டுக்கல் 40, மதுரை 105 என்கிறது. வித்தியாசம் 65. அடுத்த பலகை திண்டுக்கல் 22, மதுரை 92 என்றால் வித்தியாசம் 70. இரண்டில் ஒன்று தவறு. 1 கிலோமீட்டர் பிசகுவது முழு எண்ணாக்கியதால் வரும், அதை விட்டுவிடலாம். 5, 6 கிலோமீட்டர் மாறினால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒருவர் பைபாஸ் பிரியும் இடம் வரை அளந்திருக்கிறார், மற்றவர் ஊருக்குள் பேருந்து நிலையம் வரை. மூன்றாவது பலகையையும் பார்த்துவிட்டு எது ஒற்றைப்படுகிறது என்று சொல்லுங்கள்.

அம்புக்குறிப் பிழைதான் மற்றவற்றைவிட மோசம். நான்கு வழிச்சாலையில் வலப்புறம் இருக்கும் ஊருக்குப் போக, முதலில் இடப்பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பாலத்துக்கு அடியில் புகுந்து திரும்ப வேண்டியிருக்கும். ஊர் வலப்புறம் இருக்கிறதே என்று பலகையில் வலது அம்பு போட்டுவிட்டால், வண்டி வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சென்டர் மீடியனில் திறப்பைத் தேடும். அம்பு காட்ட வேண்டியது ஊர் இருக்கும் திசையை அல்ல, ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய திசையை. பலகை எங்கே நிற்கிறது என்பதும் இதில் சேர்த்தி. பிரிவுக்கு முன்னால் ஒன்று, பிரிவில் ஒன்று, தாண்டியதும் உறுதிப்படுத்த ஒன்று என்பதுதான் முறை. முன்னறிவிப்புப் பலகை இறங்குவழியைத் தாண்டி நட்டிருந்தால், அதில் எழுதியதெல்லாம் சரியாக இருந்தும் பயன் இல்லை.

பின்னணி நிறத்தையும் கவனியுங்கள். இந்தியச் சாலைப் பேரவையின் பலகை விதித்தொகுப்பான ஐ.ஆர்.சி. 67-இன்படி தேசிய, மாநில நெடுஞ்சாலைகளுக்குப் பச்சையில் வெள்ளை எழுத்து, எக்ஸ்பிரஸ்வேக்கு நீலம்.

ஊர்ப் பெயருக்கு வருவோம். பெயர்ப் பட்டியல் ஆங்கிலத்தில் போய், பலகை செய்கிற இடத்தில் திரும்பத் தமிழாகும்போது குறில் நெடில் கலைகிறது, ல, ள, ழ இடம் மாறுகிறது. இதற்கு 44-ஆம் சாலையிலேயே நல்ல உதாரணம் உண்டு. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே கணவாய் இருக்கும் இடம் தொப்பூர். மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் இடையே எய்ம்ஸ் மருத்துவமனைக்கு இடம் ஒதுக்கிய ஊர் தோப்பூர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. தருமபுரிப் பக்கம் 'தோப்பூர்' என்று பலகை நின்றால், எழுதியவர் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று துணிந்து சொல்லலாம். ஒற்று விடுபடுவது இன்னொரு வகை: தூத்துகுடி, விழுபுரம். எழுத்துருக் கோளாறு மூன்றாவது. யூனிகோடு தமிழைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் வினைல் வெட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், கோவையும் கொடைரோடும் சிதறிவிடும். ஒரு பலகையில் தூத்துக்குடி, அடுத்ததில் டூட்டிகோரின் என்பது எழுத்துப் பிழை இல்லைதான். வெளியூர்க்காரருக்கு அது இரண்டு ஊர்.

இரவில் ஒருமுறை பாருங்கள். பகலில் கச்சிதமாகத் தெரியும் புது எண், பலகையின் ஒளிதிருப்பும் தாளுக்கு மேல் சாதாரண ஸ்டிக்கரால் ஒட்டப்பட்டிருந்தால், ஹெட்லைட் வெளிச்சத்தில் கறுத்த கட்டமாகிவிடும். ஓரம் உரிந்த ஸ்டிக்கருக்கு அடியிலிருந்து பழைய 7 எட்டிப் பார்ப்பதும் உண்டு. அப்போது பலகையில் 744 என்று தெரியும், படிப்பவர் அதையும் ஒரு கிளைச்சாலை என்று நினைத்துக்கொள்வார்.

புகார் தரும்போது 'திண்டிவனம் தாண்டி ஒரு பலகை' என்று எழுதினால் யாரும் தேடிப் போகமாட்டார்கள். வேண்டியவை: பலகைக்கு முந்தைய கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண், எந்த ஊரை நோக்கிய பக்கம், இடது ஓரமா, நடுவிலா, தலைக்கு மேலா, ஜி.பி.எஸ். புள்ளி, பலகை முழுவதும் தெரியும் படம் ஒன்று, இப்போது இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன. பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். கல்லில் இருக்கும் கிலோமீட்டர்க் கணக்கும் ஒப்பந்த ஆவணங்களும் பல இடங்களில் பழைய எண்ணின் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. தேசிய நெடுஞ்சாலைப் புகாருக்கு 1033 என்ற தொலைபேசி எண்ணும் ராஜ்மார்க்யாத்ரா செயலியும் உள்ளன. எல்லாத் தேசிய நெடுஞ்சாலையும் இந்தியத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கையில் இல்லை. சிலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு பார்க்கிறது. சுங்கச்சாவடி இல்லாத இருவழிப் பகுதி என்றால் அந்தப் பிரிவின் கோட்டப் பொறியாளருக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

திருத்தம் வந்த பிறகு எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். புகாரில் சொன்ன ஒரு பலகைக்கு மட்டும்தான் தாள் வெட்டுவார்கள். சென்னையை நோக்கிய பக்கம் 132 ஆகியிருக்கும், திருச்சியை நோக்கிய பக்கம் இன்னும் 45 நின்றுகொண்டிருக்கும்.