ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்காமல் கல்யாணத்துக்குப் போனேன், ஒரு வருட விசா போய்விட்டது

சென்னை விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை இரண்டு தடவை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “ரீ-என்ட்ரி ஸ்டாம்ப் எந்தப் பக்கத்துல இருக்கு ஆன்ட்டி?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 2026 ஜனவரி வரை தாய்லாந்தில் தங்கலாம் என்று முத்திரை இருக்கிறதே, அதைக் காட்டினேன். “இது நீங்க அங்கேயே இருந்தாத்தான் செல்லும். பெர்மிட் எடுக்காம வெளியே வந்தா கேன்சல்” என்றார். பின்னால் வரிசையில் முப்பது பேர். திரும்பி வர டிக்கெட் இல்லாமல் ஏற்ற முடியாது என்று வேறு சொல்லிவிட்டார்கள், அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டு, தேவையே இல்லாத ஒரு திரும்பும் டிக்கெட்டை எடுத்த பிறகுதான் போர்டிங் பாஸ் கையில் வந்தது.

அந்தப் பெண் சொன்னது முழுக்கச் சரி. பாங்காக்கில் இறங்கியதும் அதிகாரி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், விசா இல்லாமல் வரும் இந்தியர்களுக்கு 2025-இல் போட்டுக்கொண்டிருந்த 60 நாள் முத்திரையைப் போட்டு அனுப்பினார். ஜூன் 12-இல் இறங்கினேன், ஆகஸ்ட் 10 வரைதான். ஏழு மாதம் மிச்சமிருந்த ஒரு வருடத் தங்கும் நீட்டிப்பு அதோடு போயிற்று. வெளியே போய்த் திரும்பி வந்தாலும் நீட்டிப்பைக் காப்பாற்றும் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு 1,000 பாட் கட்டி, ஒரு போட்டோ ஒட்டி, டி.எம். 8 என்ற ஒரு தாளை நிரப்பியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, ஏனென்றால் ஜனவரியில் நீட்டிப்பு கொடுத்த அதிகாரியோ, அதற்கு முன்னால் ஆலோசனை கேட்ட ஏஜென்டோ இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மகளும் மாப்பிள்ளையும் பாங்காக்கில் வேலை பார்க்கிறார்கள், பேத்தி இருக்கிறாள். 50 வயது தாண்டியவர்களுக்கான ஓய்வுக்கால நீட்டிப்பில்தான் இங்கே தங்கியிருக்கிறேன். அதன் விதிகள் பலருக்கும் தெரிந்திருக்கும்: தாய்லாந்து வங்கியில் சொந்தப் பெயரில் 8 லட்சம் பாட், விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதமும் கிடைத்த பின் மூன்று மாதமும் அது அப்படியே இருக்க வேண்டும், அதற்கப்புறம் 4 லட்சம் வரை குறையலாம், அடுத்த நீட்டிப்புக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி 8 லட்சம். போன வருடம் இந்தியாவிலிருந்து அந்தப் பணத்தை அனுப்பியபோதே டி.சி.எஸ். (வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) என்று இரண்டரை லட்சம் ரூபாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்கள். வருமான வரி ரிட்டர்னில் திரும்ப வரும்தான், ஆனால் அதுவரை நம் கையில் இல்லை.

சரி, இப்போது நடந்த சிக்கலுக்கு வருகிறேன். மூன்று மாதம் கழிந்துவிட்டது என்ற தைரியத்தில் மே மாதம் 3.5 லட்சம் பாட்டைப் பேத்தியின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். கணக்கில் 4.5 லட்சம், விதிப்படி சரிதான். நவம்பரில் மகள் திருப்பிப் போடுவதாக ஏற்பாடு. அதன் பிறகு அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். நீட்டிப்பு ரத்தானதும் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது, அதாவது முதலில் 90 நாள் நான்-இமிக்ரன்ட் ஓ விசாவுக்கு மாற வேண்டும், அதற்கு விண்ணப்பிக்கும் அன்றே கணக்கில் 8 லட்சம் இருக்க வேண்டும், அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்று வங்கி எழுதித் தர வேண்டும். மகள் இங்கே சம்பாதித்த பணத்தை என் கணக்கில் போட்டால் ஏற்க மாட்டார்கள்.

ஜூன் 16 முதல் தடவை போனேன். இங்கே எல்லோரும் ‘தோ மோ’ என்று சொல்லும் குடிநுழைவு அலுவலகம், காலை ஏழே காலுக்கே வரிசை. பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்தவர் என் கோப்பைத் திறக்கக்கூட இல்லை, வங்கிப் புத்தகத்தின் கடைசி வரியைப் பார்த்துவிட்டு ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் மூன்று விஷயத்தைப் பேனாவால் டிக் செய்து நீட்டினார். நான் ஏதோ கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த எண்ணை அழுத்திவிட்டார். அந்தச் சீட்டு முழுக்கத் தாய் மொழியில். வெளியே ஜெராக்ஸ் கடையில் இருந்த அம்மாதான் என்னை உட்காரவைத்து, என் மாப்பிள்ளையிடம் போனில் பேசி ஒவ்வொன்றாக விளக்கினார். அலுவலகத்தில் கிடைக்காத உதவி அந்தக் கடையில் கிடைத்தது, அவரை நான் மறக்க மாட்டேன்.

குறைந்த அந்த 3.5 லட்சம் பாட்டுக்கு ஊரில் உள்ள என் வங்கிக் கிளையைக் கேட்டேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 படிவம் கையெழுத்தோடு அசலாக வேண்டும், ஸ்கேன் செல்லாது என்றார்கள். கூரியர் போட்டு, அது போய்ச் சேர்ந்து, பான் கார்டு நகலில் கையெழுத்து மங்கலாக இருக்கிறது என்று இன்னொரு சுற்று. நான் ஊரில் இருந்தபோதே இது தெரிந்திருந்தால் பத்து நிமிட வேலை. ஒரே ஒரு நல்ல விஷயம், 3.5 லட்சம் பாட் என்பது ரூபாயில் ஒன்பது லட்சத்துச் சொச்சம்தான் வந்தது. 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். வரம்பு நிதியாண்டுக்கு 7 லட்சத்திலிருந்து 10 லட்சமாக ஏறியிருந்ததால் இந்தத் தடவை ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. பெரிய தொகை அனுப்ப வேண்டியவர்கள் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று பிரித்து அனுப்பினால் இரண்டு நிதியாண்டின் வரம்பும் கிடைக்கும், எனக்கு முதல் தடவை இதை யாரும் சொல்லவில்லை.

ஜூலை 1 பணம் வந்தது. பணம் வெளிநாட்டிலிருந்து வந்ததற்கான கடிதத்துக்கு வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்குப் போனால், கணக்கு தொடங்கிய கிளையில்தான் தருவார்களாம். அது நகரத்தின் மறு கோடி. அங்கே போனால், கடிதம் தர மூன்று நாள் ஆகும் என்றார்கள். பழைய 4.5 லட்சத்துக்கு முதல் தடவை வாங்கிய கடிதத்தின் நகலை நான் பத்திரமாக வைத்திருந்தேன், இல்லாவிட்டால் அதற்கும் அலைய வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட காகிதம் எதையும், வேலை முடிந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

ஜூலை 7, இரண்டாவது தடவை. இந்தத் தடவை இடித்தது டி.எம். 30. நாம் தங்கும் வீட்டின் உரிமையாளர், வெளிநாட்டவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், அந்த ரசீதுதான் இது. என்னிடம் பழைய ரசீது இருந்தது. அதே வீடு, அதே உரிமையாளர் என்று நானும் வாதாடிப் பார்த்தேன். ரீ-என்ட்ரி பெர்மிட்டோடு அதே முகவரிக்குத் திரும்பியிருந்தால் பழையது போதும், நீங்கள் புது முத்திரையில் வந்திருக்கிறீர்கள், அதனால் புதிது வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் கடைசியில் அந்த 1,000 பாட் பெர்மிட்டில்தான் வந்து நின்றது.

வீட்டு உரிமையாளர் வேறு ஊரில் இருக்கிறார். ஜனவரியிலேயே செய்துவிட்டேனே, மறுபடி எதற்கு என்று கேட்டுவிட்டு அப்புறம் போனையே எடுக்கவில்லை. அவருடைய அடையாள அட்டை நகலும், தபியன் பான் என்ற வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் நகலும் இல்லாமல் நாமாகப் போயும் பதிய முடியாது. ஜூலை 10, 11 இரண்டும் இங்கே பௌத்த விடுமுறை, நம் ஊரில் குரு பூர்ணிமா கொண்டாடும் அதே ஆனிப் பௌர்ணமிதான், அதோடு சனி ஞாயிறும் சேர்ந்து நான்கு நாள் அரசு அலுவலகங்கள் மூடல். மாற்றுவதற்கு விண்ணப்பிக்கும்போது குறைந்தது 15 நாளாவது தங்கும் காலம் மிச்சமிருக்க வேண்டும் என்பதால் எனக்கு ஜூலை கடைசி வாரத்துக்கு மேல் வழியில்லை. அந்த இரண்டு இரவும் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் எங்கள் காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாக அலுவலகத்துப் பெண் தானே உரிமையாளரிடம் பேசி, 9-ஆம் தேதி மாலை ஆவணங்களை வாங்கிப் பதிந்து கொடுத்தார். தாமதத்துக்கு 800 பாட் அபராதம், சட்டப்படி உரிமையாளர் கட்ட வேண்டியது, நான்தான் கட்டினேன். சண்டை போட எனக்கு நேரமில்லை.

இதற்கு நடுவில் சீலோம் மாரியம்மன் கோவிலில் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவரைப் பார்த்தேன், பன்னிரண்டு வருடமாக இங்கே இருப்பவர். அவர் சொன்ன ஒரு யோசனைதான் மூன்றாவது பயணத்தைக் காப்பாற்றியது: “போற அன்னைக்குக் காலைல கணக்குல 100 பாட் போட்டு, மிஷின்ல பாஸ்புக்கைப் பதிஞ்சுட்டுப் போங்கம்மா. அன்னைக்குத் தேதி விழுந்தா மறுபேச்சு இருக்காது.” கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வங்கி தரும் இருப்புக் கடிதத்தையும் அன்றைய தேதியில் வாங்கச் சொன்னார். ஜூலை 14 காலை வங்கி திறந்ததும் இரண்டையும் முடித்துக்கொண்டு பத்து மணிக்கு அலுவலகத்தில் இருந்தேன். எனக்கு முன்னால் இருந்த ஒரு ஐரோப்பியர் ஐந்து நாள் பழைய கடிதத்தோடு வந்து திருப்பி அனுப்பப்பட்டார். என்னுடையதை அதிகாரி ஒரு தடவை பார்த்தார், புரட்டினார், ஓ விசா கேட்டு நான் நிரப்பியிருந்த டி.எம். 87 படிவத்தில் முத்திரை குத்தினார். 2,000 பாட். நகல் ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனதால் அங்கே நேரம் வீணாகவில்லை. கடிதத்தில் வருடம் 2568 என்று இருந்தால் பதறாதீர்கள், இங்கே பௌத்த ஆண்டு, 543 கழித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 29 வரச் சொன்னார்கள், போனேன், 90 நாள் கிடைத்தது. அக்டோபர் 6 ஒரு வருட நீட்டிப்புக்குப் போனேன், 1,900 பாட், இந்தத் தடவை ஒரு காகிதமும் குறையவில்லை.

ஏஜென்ட் பற்றி ஒரு வார்த்தை. ஜூனில் நான் தவித்தபோது ஒருவர், பணத்தை நாங்களே கணக்கில் காட்டுகிறோம், நீங்கள் அலையவே வேண்டாம் என்றார். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அது சட்டவிரோதம், மாட்டினால் நாடு திரும்புவது நாம்தான். அதே ஆள்தான் எனக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று சொல்லி ஒரு திட்டத்தைத் தலையில் கட்டப் பார்த்தார். ஊரிலேயே தூதரகத்தில் வாங்கும் ஓ-ஏ விசாவுக்குத்தான் அது கட்டாயம், இங்கே வந்து மாறும் ஓ விசாவுக்கு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனாலும் இந்த வயதில் ஒரு காப்பீடு வைத்துக்கொள்வதுதான் நல்லது, அதை வேறு இடத்தில் விசாரித்து நானே எடுத்துக்கொண்டேன்.

தங்கியிருக்கும் முகவரியை 90 நாளுக்கு ஒரு தடவை தெரிவிக்கும் 90 நாள் அறிக்கையும் இதோடு சேர்ந்ததில்லை, அது தனி. கெடுவுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம், தவறினால் 2,000 பாட் அபராதம். வெளியே போய் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

அக்டோபர் 6 நீட்டிப்பு கையில் வந்ததும் நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அதே கட்டடத்தில் அடுத்த கவுண்டரில் டி.எம். 8 கொடுத்து, 3,800 பாட் கட்டி, எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரும் பெர்மிட் வாங்கினேன். அவசரத்துக்கு சுவர்ணபூமி விமான நிலையத்திலும் புறப்படும் பகுதியில் குடிநுழைவுச் சோதனை நடக்கும் இடத்தில் இதற்கென்று கவுண்டர் இருக்கிறது, மே மாதம் நான் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. திரும்பும்போது வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டையில் இந்தப் பெர்மிட் எண்ணைப் போடலாமாம் (அரசுத் தளத்தில் அது இலவசம், பணம் கேட்டால் போலி). எண்ணைப் படமெடுத்து மகளுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.