கிலோ என்ன விலை?

ஜெர்மிஸ்டன் பக்கம் ஒரு பவுண்டரியில், அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும் ஆலையில், எனக்குக் கொட்டேஷன் போடும் வேலை. கோயம்புத்தூரில் இருந்தவரை காதில் விழுந்த அதே கேள்விதான் தென்னாப்பிரிக்காவிலும்: "கிலோ என்ன விலை?" சாமானின் வரைபடம் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லும் ஆளிடம் வார்ப்பு வேலை கொடுக்காதீர்கள்.

போன மாதம் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பெரியவர் பேசினார். கரும்பு ஆலைகளுக்குப் பம்பு பழுதுபார்ப்பவர். நாலு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். பேச்சு இங்கிலீஷில்தான், நடுவில் "தம்பி", "சரி சரி" மட்டும் தமிழ். அவர் அனுப்பிய படம் ஒரு பேரிங் பிராக்கெட், சுழலும் தண்டின் பேரிங்கைத் தாங்கும் சாமான். சுவர் 12 மில்லிமீட்டர். நடுவில் 64 மில்லிமீட்டர் விட்டத்தில் கெட்டியான பாஸ், அதாவது உருண்டையான குமிழ். பலமாக இருக்கட்டும் என்று நாலு ரிப் (தாங்கு விலா) வைத்து, நாலையும் அந்தப் பாஸிலேயே கொண்டுபோய் முட்டியிருந்தார்.

பலவீனம் அங்கேதான். தடிமன் இரண்டு மடங்கானால் இறுக எடுக்கும் நேரம் நாலு மடங்கு; 1940இல் ஹ்வோரினோவ் என்ற வார்ப்புப் பொறியாளர் போட்டுக் கொடுத்த கணக்கு இது. மெல்லிய சுவர் முதலில் இறுகிவிடும். நடுவில் மிச்சமிருக்கும் திரவம் சுருங்கும்போது ஈடுகட்ட உலோகம் வர வழியில்லை. வெளியே பளிச்சென்று இருக்கும், லேத்தில் துளை போட்டால் உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை. அதற்குள் உருக்கின கரண்ட், மணல், லேத் கூலி எல்லாம் செலவாகி முடிந்திருக்கும்.

"அங்கிள், பாஸ் நடுவில் வரவேண்டிய 40 மில்லிமீட்டர் துளையை வார்ப்பிலேயே விட்டுவிடலாம். 34 மில்லிமீட்டருக்கு ஒரு கோர் வைக்கிறேன், மிச்சத்தை லேத்தில் எடுங்கள்" என்றேன். கோர் என்பது துளை வரும் இடத்தில் அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டை. பாஸின் சுவர் 15 ஆகிவிடும், பக்கத்துச் சுவரோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். ரிப்பை 8-க்கு மெலித்து, மூன்றாகக் குறைத்து, மூலைகளை உருட்டச் சொன்னேன். கோருக்கு விலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது உலோகத்தையும் துளையிடும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. சின்னத் துளைக்கெல்லாம் கோர் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 15 மில்லிமீட்டர் துளையை டிரில் போட்டால் போதும்.

பக்கச் சுவர்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவும் கேட்டேன். இட்லிக் குழி நேர்ச்சுவராக இருந்தால் இட்லி முழுசாக வருமா? மணலில் அச்சு பதிக்கும் மாதிரிச் சாமானான பேட்டர்னை உருவும்போது மணலும் அப்படித்தான் உதிரும்.

அப்புறம் பெரியவர், "இதையே ஸ்டெயின்லெஸ்ஸில் ஊற்றிக் கொடு" என்றார். அதே பேட்டர்னில் முடியாது. அதுவரை பேசிய சாம்பல் வார்ப்பிரும்பு சுமார் 1 சதவீதம் சுருங்கும், எஃகு 2 சதவீதம். 500 மில்லிமீட்டர் நீளத்தில் 5-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசம்; இரும்புப் பேட்டர்னில் எஃகை ஊற்றினால் சாமான் குட்டையாகிவிடும். இன்னொன்று, இரும்பு இறுகும்போது கிராஃபைட் பிரிந்து விரிவதால் சுருக்கத்தில் ஒரு பங்கை அதுவே சரிக்கட்டும், சுருங்கும்போது உலோகம் ஊட்டும் ரைசர் சின்னதாக இருந்தால் போதும். எஃகுக்கு அந்த வசதி இல்லை. ஊற்றியதில் பாதி ரைசருக்கும், உலோகம் ஓடிவரும் வழியான ரன்னருக்கும் போவதுண்டு. கிலோ விலை கேட்பவர்கள் இந்தக் கிலோவை யார் தலையில் கட்டுவார்கள்? அரிப்புதான் பிரச்சினையா என்று கேட்டேன். இல்லையாம், பார்க்க நன்றாக இருக்குமாம்! சாம்பல் இரும்பிலேயே முடித்தோம்.

சுரங்கக்காரர்கள் கதை வேறு. கல்லும் மணலும் அரைபடும் பம்புக்கு 27 சதவீதக் குரோமியம் சேர்த்த வெள்ளை இரும்புதான் நிற்கும். குரோம் இந்த மண்ணிலேயே வெட்டப்படுகிறது, உலகத்திலேயே அதிகம் இங்கேதான். ஆனால் அதில் டிரில் இறங்காது. போல்ட் துளைகளை வார்ப்பிலேயே விட்டு, முகத்தைச் சாணை பிடிக்க வேண்டும்.

இங்கே விலையை ஆட்டுகிற சமாச்சாரங்கள் வேறு இரண்டு. உருக்க வாங்கும் பழைய இரும்பான ஸ்க்ராப் கொஞ்சம் சாதகம்: 2013 முதல் வியாபாரிகள் அதை ஏற்றுமதிக்கு முன் உள்ளூர் ஆலைகளுக்குக் குறைந்த விலையில் காட்டியாக வேண்டும். கரண்ட் எதிரி. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, அட்டவணை பார்த்துத்தான் ஃபர்னஸைப் போட்டோம். பாதியில் நின்றால் உள்ளேயே உறைந்துவிடும் என்று உருகினதை வெறும் கட்டிகளாக அச்சில் கொட்டிவிட்டு, மறுபடி உருக்கியதுண்டு. அதுவும் கொட்டேஷனில் எங்கோ ஒளிந்திருக்கும்.

பெரியவருக்கு வேண்டியது ஆறு பிராக்கெட். மரப் பேட்டர்னே போதும். நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால்தான் அலுமினியப் பேட்டர்ன் கட்டுப்படியாகும். பேட்டர்ன் கூலியைத் தனி வரியாக எழுதி, அது அவருடைய சொத்து என்றும் போட்டு அனுப்பினேன். அடுத்த தடவை வேறு பவுண்டரிக்குப் போனாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.