தண்ணீர் பாதிக் கண்ணாடி

என் வீட்டுக்காரரின் பாய்லர் படிப்புக்காக நாங்கள் முதலில் வாங்கியது ஒரு மூக்குக்கண்ணாடி. சனிக்கிழமை இரவுச் சந்தையில், கைப்பேசி உறை விற்கும் கடைக்குப் பக்கத்துக் கடையில், 10 மலேசிய வெள்ளி. கடைக்காரர் நீட்டிய அட்டையின் கடைசி வரியைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு நாளா எனக்குப் படிப்பு வராதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்மா" என்றார். அப்போது அவருக்கு வயது 43.

எங்கள் ஊர் மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா. பெயர்ப்பலகையில்தான் அப்படி, எங்கள் பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த நாட்டில் செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, முதன்முதலாக வணிகப் பயிராக நட்டது இங்கே பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். நட்டவர் ஹென்றி போகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ தமிழ். எனக்கு அதில் எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு.

என் வீட்டுக்காரர் 18 வருடம் குலை வெட்டினார். மரம் வளர வளரக் கழியும் நீளும். இருபது வயது தாண்டிய மரத்தில், நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடியே இழுக்க வேண்டும். ஒரு குலை 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். கல்யாணமான புதிதில் நான் அவர் பின்னாலேயே போய் உதிரிப் பழம் பொறுக்கியிருக்கிறேன். அதனால் அந்தக் கழுத்து வலி எப்படி வந்தது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. 2023 கடைசியில் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனது. நிர்வாகம் அவரைப் பனை எண்ணெய் எடுக்கும் மில்லுக்கு மாற்றியது. நீராவி உண்டாக்கும் பாய்லரில் உதவியாள் வேலை. சாம்பல் வாருவது, எரிபொருளாகப் போகும் பழ நார் வழியில் அடைத்துக்கொண்டால் குத்திவிடுவது, தரை கூட்டுவது.

அதே மில்லில்தான் நான் 11 வருடமாக எடைமேடையில் இருக்கிறேன். லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, காலியாக வெளியே போகும்போது ஒரு எடை. நான் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தவள். அவர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, முதலாம் படிவத்துக்கு முந்தின ஒரு வருடப் புகுமுக வகுப்பு, அப்புறம் இரண்டாம் படிவத்தோடு நின்றவர். அதனால் எங்கள் வீட்டில் காகிதம் என்றால் நான்தான். இபிஎப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி, மோட்டார் ரோட்டேக்ஸ், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் என் பொறுப்பில் இருந்தன. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் விரல் வைத்துக் காட்டுவேன், அவர் போடுவார்.

சான்றிதழ் உள்ளவர் பொறுப்பில்தான் பாய்லர் ஓட வேண்டும் என்பது சட்டம். எங்கள் மில்லில் அப்படி இருந்த இருவரில் மூத்தவர் ஒரு பாக்சிக், மலாய்ப் பெரியவர். அவருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்தான் ஒரு நாள் என் எடைமேடைக்கு நடந்து வந்து, "உன் கணவனுக்குக் காது இருக்கிறது. பம்ப் சத்தம் மாறினால் எனக்கு முன்னால் அவன் திரும்புகிறான். பரீட்சை எழுதச் சொல்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரிடம் நேராகச் சொல்லாமல் என்னிடம் வந்து சொன்னதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டுக் காகித நிலவரம் மில்லுக்கே தெரிந்திருந்தது.

வகுப்புக்குக் கட்டணம், புதுக் குளிர்பெட்டி வாங்க நான் எடுத்து வைத்திருந்த கூட்டுப் பணம், அதாவது சீட்டுப் பணம். வார இறுதியில் காலை ஆறு மணிக்கு மோட்டாரில் ஷா ஆலாம் கிளம்பிவிடுவார். மற்ற நாளில் வேலை முடிந்து ஏழு மணிக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்கு மேசையில் உட்காருவார். முதலாம் படிவம் போகப்போகும் மகனுக்கும் மகளுக்கும் அதே மேசைதான். நான்கு பேருக்கும் ஒரு மின்விசிறி. தொலைக்காட்சியைச் சத்தம் இல்லாமல் பார்க்க அத்தை பழகிக்கொண்டார். அந்த வருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நாங்கள் சேர்ந்து போகவில்லை. நான் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டார் வேனில் போய் வந்தேன். வந்து பார்த்தால் அவர் புத்தகத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியிருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் நல்ல நாட்களும் அதிகம். பிரஷர் குக்கர் விசில் அடித்தால் பிள்ளைகள் அப்பாவைப் பார்ப்பார்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும்; மூடி அழுத்தம் ஏற்றினால் கொதிநிலையும் ஏறும். மில்லில் குலைகளை வேகவைக்கும் பெரிய உருளைக்குள் அழுத்தம் 3 பார், அப்போது நீராவி 140 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். "அதைத்தான் நாம ஒரு இரும்புச் சட்டிக்குள்ள புடிச்சு வெச்சிருக்கோம்" என்பார். மகள் குக்கரைத் தொடவே ஒரு வாரம் பயந்தாள்.

ஒரு இரவு, நோட்டைப் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். பழத்தை வெட்டியதும், அடிபட்டதும், அதற்குள் இருக்கும் ஒரு நொதி எண்ணெயை உடைத்து அமிலத்தை ஏற்றத் தொடங்கிவிடுகிறது; நீராவியில் வெந்தால்தான் அது நிற்கும்; அதனால்தான் வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லில் வேக வேண்டும். "பதினெட்டு வருஷம் மண்டோர் கத்துனதுக்குக் காரணம் இதுதானா? ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே" என்றார். மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளர். நானும் 11 வருடமாக லாரிகளை அவசரப்படுத்தியிருக்கிறேன். எனக்கும் யாரும் சொன்னதில்லை. அன்று இரவு பத்தரை வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பேசினது பழத்தைப் பற்றித்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வேலையைப் பற்றி, சம்பளமும் வலியும் இல்லாமல், அப்படிப் பேசியதே இல்லை.

கேள்வி கேட்பது என் வேலை. தேர்வு எழுத்தாகவும் உண்டு, வாய்மொழியாகவும் உண்டு. யாரோ கொடுத்த பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு நான் மலாயில் கேட்பேன், அவர் சொல்ல வேண்டும். 2024 நடுவில் ஒரு நாள் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "அது ஜூன் 1-ஆம் தேதியோட போயிடுச்சு. இனி எல்லாம் 1994 தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துலதான்" என்றார். எழுதியிருப்பதைச் சொல்லுங்கள் என்று நான் காகிதத்தைத் தட்டினேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, என் காகிதத்தில் இருந்ததையே சொன்னார். மறுநாள் பாக்சிக்கிடம் விசாரித்தேன். என் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. சட்டம் மாறியிருந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். ஆனால் முந்தின இரவு அவர் ஏன் விட்டுக்கொடுத்தார் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்.

2025 ஜனவரியில் எழுத்துத் தேர்வில் தேறினார். வாய்மொழியில் தவறினார்.

கேட்ட கேள்வி, பாய்லர்காரருக்குப் பால பாடம். கேஜ் கண்ணாடி என்று ஒரு குழாய் இருக்கும், பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அதில்தான் தெரியும். அதில் தண்ணீரே தெரியவில்லை என்றால் என்ன செய்வாய்? முதலில் எரிபொருளை நிறுத்த வேண்டும், காற்றை நிறுத்த வேண்டும். எக்காரணம் கொண்டும் தண்ணீர் ஏற்றக் கூடாது. பழுக்கக் காய்ந்த குழாயில் தண்ணீர் பட்டால் சட்டென்று ஆவியாகி வெடிக்கலாம். பதறுகிற மனது தண்ணீர் ஏற்றத்தான் சொல்லும், அதனால்தான் இந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்கிறார்கள். அவருக்கு அது தூக்கத்திலும் தெரியும். "பெர்த்தாமா" என்று தொடங்கினாராம். முதலாவதாக. அப்புறம் வார்த்தை வரவில்லை. தொடங்கிவிட்டு, யாரோ முடித்துவைப்பார்கள் என்பதுபோலக் காத்திருந்தாராம். இதை அவரே என்னிடம் சொன்னார், குற்றமாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 1-இலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,500-இலிருந்து 1,700 வெள்ளி ஆனது. "அதான் 200 வெள்ளி கூடியிருக்கே, போதும்மா, விட்டுடலாம்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் எடைமேடையில் மழை. வெட்டு நின்று, லாரி குறைந்த மதியம். அவர் வேலையில் கேட்பதற்காக நாங்கள் கைப்பேசியில் பதிவு செய்திருந்த கேள்வி பதில்கள் என்னிடமும் இருந்தன. எங்கே குறை என்று பார்க்கலாம் என்று காதில் வைத்தேன். முதல் பதிவில் அவர் தொடங்குகிறார், நான் முடிக்கிறேன். இரண்டாவதிலும் அப்படியே. நாற்பது பதிவுக்கு மேல் இருந்தன. ஒன்றில்கூட அவர் குரலில் ஒரு பதில் முழுதாக முடியவில்லை. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் என் குரல். சில இடத்தில் நான் சொன்னது தப்பு, அவர் "ம்" என்று ஏற்றுக்கொள்கிறார். லாரி ஹாரன் அடிக்கும் வரைக்கும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் உதவி செய்கிறேன் என்றுதான் முழுமனதாக நம்பினேன். கூட்டுப் பணத்தைக் கொடுத்தது நான், இரவெல்லாம் விழித்தது நான். ஆனால் கல்யாணமான நாள் முதல் காகிதத்தின் பக்கத்தில் அவரை நான் தனியாக விட்டதே இல்லை. விரல் வைத்துக் காட்டிக் காட்டி, விரல் இல்லாத இடத்தில் அவரை நிற்க வைத்துவிட்டேன். அன்று இரவு அவரிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எனக்கும் அது வசதியா இருந்துச்சும்மா" என்றார்.

அந்த வருடத் தைப்பூசத்துக்கு எல்லாரும் பத்துமலை போனோம். 272 படி, தோள் இடிக்கும் கூட்டம். அவரும் மகளும் முன்னால், நான் ஏழெட்டுப் படி பின்னால் சிக்கிக்கொண்டேன். மகள் விளையாட்டாக அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது. ஒரு இடத்தில் நின்றுவிட்டார். எனக்கு நாக்கு நுனியில் அடுத்த வார்த்தை. கத்தினாலும் கேட்டிருக்காது. இரண்டு படி ஏறினார், மூன்றாவது படியில் அவரே சொல்லி முடித்தார். மகள் திரும்பி எனக்குக் கட்டைவிரலைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு கேள்வி கேட்பது பிள்ளைகளின் வேலை ஆனது. நான் அதே மேசையில் வெங்காயம் உரிப்பேன், பயற்றங்காய் ஒடிப்பேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். உண்மையைச் சொல்கிறேன், பாய்லர் படிப்பைவிட அது கஷ்டம். அவர் தடுமாறும் அரை நிமிடம் எனக்கு அரை மணி நேரமாகத் தெரியும். சில நாள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். வார்த்தை வராதபோது அவர் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் படம் வரையக் கற்றுக்கொண்டார். பாய்லர், தண்ணீர்க் கோடு, பாதுகாப்பு வால்வு, இரண்டு பம்ப். ஒன்று கெட்டால் இன்னொன்று. படம் வந்ததும் வார்த்தையும் பின்னால் வந்துவிடும். அத்தை மறுநாள் காலையில் கூட்டும்போது அந்தப் படத்தைத் தாண்டிக் கூட்டுவார்.

மறுதேர்வு விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். ஒரு கட்டத்தில் தப்பாக எழுதி, கிழித்து, வேறு எடுத்து எழுதினார். பிஸ்கட் டின்னை அவரே எடுத்துவந்து, தேவையானதைத் தேடி எடுத்து, மூடினார். அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் மட்டும் வந்தது என்று எழுத முடியாது. என் கையிலிருந்து ஏதோ ஒன்று போனதுபோல இருந்தது. அதையும் அவரிடம் சொன்னேன். ரோட்டேக்ஸை மட்டும் நீயே பார்த்துக்கொள் என்றார்.

இரண்டாவது வாய்மொழித் தேர்வுக்கு நான் கூடப் போகவில்லை. அன்று எனக்கு வேலை. வரிசையாக லாரிகள். மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார். அதிகாரி வேறு கேள்விதான் கேட்டாராம். கேஜ் கண்ணாடியை ஒவ்வொரு ஷிப்டிலும் ஏன் திறந்து ஊதிப் பார்க்க வேண்டும் என்று. உள்ளே அடைத்துக்கொண்டால் கண்ணாடி பொய் அளவு காட்டும், அதை நம்பி நாம் இருந்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். "முழுசா சொன்னேன்மா. நடுவுல நின்னேன், ஆனா சொல்லிட்டேன்." பின்னால் லாரிக்காரர் எடைச் சீட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

முடிவு சில வாரம் கழித்துத்தான் வந்தது. தேறிவிட்டார். இப்போது பாக்சிக் ஓய்வு பெற்றுவிட்டார். பழம் அதிகமாக வரும் மாதங்களில் மில் இரவும் ஓடும். அப்போது என் வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்டு. குளிர்பெட்டி இன்னும் பழையதுதான். நார் ஈரமாக இருந்தால் புகைபோக்கியில் கறுப்பு ஏறும், அதைச் சீராக்கும்வரை அவர் நகர மாட்டார். மூன்று மணி வாக்கில் எனக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடும். கைப்பேசியைப் பார்ப்பேன். அவர் அனுப்பியிருப்பார், தமிழில், எழுத்துப் பிழை இல்லாமல்: "தண்ணீர் பாதிக் கண்ணாடி. நீ தூங்கு."