குப்பியிலிருந்து வெயிலுக்கு

ஏற்காட்டு அடிவாரத்து நிழல்வலைக் குடிலில் இன்று காலை, திசு வளர்ப்புக் குப்பியிலிருந்து எடுத்த ஜி-9 ரக வாழைக் கன்றின் வேரில் ஒட்டியிருந்த அகார் கூழை, ஓர் அம்மா தண்ணீரில் விரல் நுனியால் வழித்தெடுத்துக்கொண்டிருந்தார்.

வாழையின் சிறு திசுத் துணுக்கைக் குப்பிக்குள் கன்றாக வளர்த்த, சர்க்கரை கலந்த கூழ் அது. சிறிது தங்கினாலும் பூஞ்சை பிடித்துவிடும்.

குப்பியின் ஈரக்காற்றிலேயே விரிந்த இலையில் மெழுகுப் பூச்சு மெலிந்திருக்கும், இலைத்துளைகளும் சரிவர மூடாது என்பதால், நேரே சேலத்து வெயிலில் வைத்தால் உச்சிப்பொழுதுக்குள் துவண்டுவிடும்.

ஆகவே தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டில் நட்டு, பாலித்தீன் மூட்டத்துக்குள் வைத்து, அதை நாளுக்கு நாள் சற்றே விலக்கி, பிறகு 50 சதவீத நிழல்வலைக்கு மாற்றுகிறார்கள்.

கன்றை இப்படி வெயிலுக்குப் பழக்கும் சில வாரங்களைக் குறைத்து மலிவாக விற்கப்படும் கன்றுகள், என்னைக் கேட்டால், வீண் செலவு. வாங்கும்போது புது இலை தடித்திருக்கிறதா என்று பாருங்கள். குப்பியில் விரிந்த பழைய இலைகள் எப்படியும் காய்ந்துவிடும்.